பிறப்பிலிக்குப் பிள்ளைப் பருவம் உண்டோ?

தமிழில் வழங்கும் பிரபந்த வகைகளுள் பிள்ளைத்தமிழ் என்பது ஒன்று. காப்பு முதலாகப் பத்துப் பருவம் வகுத்துப் பாட்டுடைத் தலைவனைக் குழவியாக வைத்துப் பாடுவது அது. இப்பிரபந்தம் சிவபெருமான்மேற் பாடப்படுவதில்லை என்பது புலவர் மரபு. பிறப்பிலியாகிய பெருமானுக்குத் தாயும் இல்லை, தாலாட்டும் இல்லை, தளர்நடையும் இல்லை ஆகலின், இல்லாத பருவத்தை ஏற்றிப் பாடுதல் வழுவாம் என்பது அம்மரபின் கருத்து. ஆயின், முருகப்பெருமான்மேற் பிள்ளைத்தமிழ் பல உள. பகழிக்கூத்தர் பாடிய திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழும், புள்ளிருக்குவேளூரிற் கோயில்கொண்ட முத்துக்குமார சுவாமிமேற் குமரகுருபர சுவாமிகள் பாடிய பிள்ளைத்தமிழும் சைவ மக்கள் நெஞ்சிற் பதிந்தவை.

சிவனும் குமரனும் வேறல்லர் என்பதே சைவர் துணிபு. சத்தியோசாதம் முதலிய ஐந்து முகங்களோடு அதோமுகமும் கூடி ஆறாயின என்றும், தந்தையே மைந்தனாயினான் என்றும் ஆன்றோர் கூறுவர். அருணகிரிநாதரும் முருகனைப் பிறப்பும் இறப்பும் அற்ற பெருமான் என்றே கந்தரனுபூதியில் அறுதியிட்டார். அங்ஙனமாயின், தந்தைக்கு இல்லாத பிறப்பு மைந்தனுக்கு உண்டாதல் யாங்ஙனம்? இல்லையெனின், பொய்கையிற் கிடந்து பாலுண்ட குழவி யார்?

இவ்வினாவிற்கு விடை கூறுமிடத்துச் சிறிது தவறினும் இரண்டிலொன்று கெடும். பெருமான் நம்போற் பிறந்தான் எனின், பிறந்தது இறக்கும், இறப்பது பதியாகாது, ஆகவே சித்தாந்தத்தின் முதற் பொருளே நிலைகுலையும். பிறந்திலன், கதையெல்லாம் உருவகமே எனின், கார்த்திகை விரதம் நோற்றுக் குழந்தை வடிவேலனை நினைந்து கசிந்துருகிய எத்துணையோ அன்பர்தம் கண்ணீர் இல்பொருள்மேற் சென்று வீணாயிற்று என்று கொள்ள நேரும். அறிவைக் காக்க அன்பை விடுதலும், அன்பைக் காக்க அறிவை விடுதலும் சைவத்துக்கு ஒவ்வா.

முதற்கண் பிறப்பாவது யாது என்று காணல் வேண்டும். ஆணவத்தால் மறைப்புண்ட உயிர், தான் ஈட்டிய கன்மத்தை நுகர்தற்பொருட்டு, மாயையினின்றும் தோன்றிய உடம்பையும் கருவிகளையும் உலகையும் நுகர்பொருள்களையும் பெறுதலே பிறப்பெனப்படும். மலம் மூன்றும் இல்லாத முதல்வனுக்கு இவற்றுள் ஒன்றும் இயைதற்கு இடனில்லை. இறைவன் கொள்ளும் வடிவம் மாயையின் காரியம் அன்று, அவனது அருட்சத்தியே வடிவாயிற்று என்று சிவஞான சித்தியார் சுபக்கம் விளக்குகின்றது. தன்னியல்பில் நிற்கும் நிலை சொரூபம் என்றும், உயிர்களை நோக்கி நிற்கும் நிலை தடத்தம் என்றும் நூல்கள் பகுத்துரைக்கும். திருவவதாரம் தடத்தத்தின்கண் நிகழ்வது. தாயொருத்தி தன் குழவியோடு மழலை பேசுகின்றாள். அவள் மொழி திருந்தாதவள் என்று எவரும் கருதார். அம்மழலை அவளுடைய குறைவினால் வந்ததன்று; குழவியின் செவிக்காக வந்தது. ஆயினும் அவள் வாயினின்றும் மெய்யாகவே வந்தது.

இனி, கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணத்து உற்பத்திக் காண்டத்தில் இவ்வரலாற்றை அமைத்துள்ள முறை நுணுகி நோக்கற்பாலது. சூரபன்மன் முதலியோரால் நலிந்த தேவர்கள், மோனத்தில் எழுந்தருளியிருந்த இறைவன்பால் மன்மதனை ஏவினர். நெற்றிக்கண் திறந்தது; மன்மதன் நீறாயினான். பின்னர் மலையரையன் மகளாக வளர்ந்து தவஞ்செய்த அம்மையை இறைவன் மணந்தருளினான். அதன்பின் தேவர்கள் மீட்டும் வேண்டிக்கொள்ள, இறைவன் ஆறு திருமுகங் கொண்டான். அம்முகங்களின் நெற்றிக்கண் ஆறினின்றும் ஆறு பொறிகள் தோன்றின. வேண்டியவர்களே அவற்றின் வெம்மை பொறாது நாற்றிசையும் ஓடினர் என்பது புராணம். அருளை வேண்டுவோர் பலர்; வந்த அருளைத் தாங்குவோர் சிலரே போலும்!

காமனை எரித்த கண்ணே குமரனைத் தந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. உலகிற் பிறப்புக்கு வாயில் காமம். அவ்வாயிலை எரித்தொழித்த இடம் எதுவோ அவ்விடத்தினின்றே இத்தோற்றம் நிகழ்ந்தது எனப் புராணம் கூறுதலால், இது பிறப்பு என்னும் இனத்தைச் சேர்ந்ததன்று என்பது கதையின் அமைப்பிலேயே பெறப்படுகின்றது. மகாகவி காளிதாசர் தம் காவியத்துக்குக் குமாரசம்பவம் என்று பெயரிட்டார். ஆயின் அவர் வாக்கென்று ஆராய்ச்சியாளர் கொள்ளும் முதல் எட்டுச் சருக்கங்களுள் குமரன் தோற்றம் வரவில்லை. இறைவன் இறைவியரின் இன்ப வாழ்க்கையோடு அப்பகுதி நின்றுவிடுகின்றது. சுவை நோக்கிய கவிக்கு அஃது அமையும். கச்சியப்பரோ காஞ்சிக் குமரகோட்டத்து அருச்சகர். நாள்தோறும் அத்திருமேனியைத் தீண்டிப் பூசித்த கையால் ஏடெழுதியவர். அவர் நாட்டம் வேறு.

பழைய நூல்கள் இவ்வரலாற்றை ஒருபடித்தாகக் கூறவில்லை என்பதையும் மறைத்தல் வேண்டா. மகாபாரதத்து வனபருவம், அக்கினிதேவன்மேற் காதல்கொண்ட சுவாகை, முனிவர் எழுவர் மனைவியருள் அருந்ததி ஒழிந்த அறுவர் வடிவையும் முறையே கொண்டாள் என்றும், அதனாற் கந்தன் தோன்றினான் என்றும் கூறும். வான்மீகியார் பாலகாண்டத்தில், இறைவனது தேசினை அக்கினி தாங்கிக் கங்கையில் விடுத்த செய்தி கூறுகின்றார். தன் வயிற்றில் மகவு தோன்றாவாறு தடுத்த தேவர்களை அம்மை சினந்து, அவர்தம் மனைவியரும் மகப்பெறாதொழிக எனச் சபித்ததையும் கூறுகின்றார். சங்க நூலாகிய பரிபாடலின் ஐந்தாம் பாட்டிற் கடுவன் இளவெயினனார், கரு சிதைவுற்றதும், முனிவர் அதனை வேள்வித்தீயிற் பெய்ததும், அருந்ததி ஒழிந்த அறுவர் அதனை உண்டு சூல்கொண்டு சரவணத்துத் தாமரைப் பாயலிற் பயந்ததும் விரிக்கின்றார். இவற்றைக் கண்டு மருள்வார்க்குக் கற்பபேதம் என்று கூறி வாயடைத்தல் எளிது. அங்ஙனமே பலரும் செய்வர். அவ்விடை பிழையன்று. ஆயினும் வினாவியவர் வாய் அடைபடுமேயன்றி உள்ளம் நிறைவெய்தாது.

இக்கதைகள் எல்லாவற்றையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். வேறுபாடு எத்துணை இருப்பினும், எந்நூலும் இக்குழவியை ஒரு வயிற்றில் அடக்கிக் காட்டவில்லை. தீ ஏந்தியது, பொறுக்கமாட்டாது நீரில் விடுத்தது. கங்கை ஏந்தினாள், அவளும் பொறுக்கமாட்டாது நாணற்காட்டிற் சேர்த்தாள். சூல்கொண்டார் என்று கூறும் பரிபாடலும் ஒருத்தியைக் கூறாது அறுவரைக் கூறிற்று. எல்லாரும் ஏந்தினர்; ஒருவரும் அடக்கவில்லை. பிறப்பென்னுஞ் சொல்லைக் கூறிக்கொண்டே அதன் பொருளை விலக்குகின்ற இவ்வுரைமுறை, நூல்தோறும் தற்செயலாய் அமைந்தது என்று கொள்ளுதற்கில்லை.

அதனாற் பெருமானுக்கு வாய்த்த திருநாமங்களை எண்ணுக. கங்கை சுமந்தமையாற் காங்கேயன். கார்த்திகைப் பெண்டிர் பாலூட்டினமையாற் கார்த்திகேயன். நாணல் சூழ்ந்த பொய்கையில் தோன்றினமையாற் சரவணபவன். தீ ஏந்தினமையாற் பாவகி. ஒரு வயிற்றிற் பிறந்தவனுக்குத் தாய் ஒருத்தியே. எவ்வயிற்றிலும் பிறவாதவனோ, தன்னை ஏந்தியவர் அனைவருக்கும் தாயென்னும் பெயரைக் கொடுத்தான். மகவு வேண்டியது அவர்க்கேயன்றித் தாய் வேண்டியது அவனுக்கன்று. சரவணப் பொய்கையில் ஆறுமுகமும் பன்னிரு கையுமாய்த் தாமரைமேல் வீற்றிருந்த ஒருவனே, பாலூட்ட வந்த மகளிர் அறுவர் ஆதலின் தானும் ஆறு குழவியாயினான் என்று கச்சியப்பர் கூறுகின்றார். ஒருத்தி ஏந்த, ஏனை ஐவரும் வெறுங்கையராய் நிற்றலை அவன் பொறுத்திலன்! பின்னர் அம்மை எழுந்தருளி அறுவரையும் சேர்த்து அணைத்தாள், அறுவரும் ஓருருவாயினர், கந்தன் என்னும் நாமம் அப்பொழுது வாய்த்தது. அன்று அம்மையின் திருமுலைப்பால் பொய்கையிற் கலந்ததனைப் பருகி, மீனாய்க் கிடந்த பராசரர் மைந்தர் அறுவரும் சாபம் நீங்கினர் என்பதும் அப்பகுதியிலேயே வருகின்றது. குழவிக்கென்று சுரந்த பால் மீனுக்கும் பயன்பட்டது.

தாயில்லாதவன் தாய்மையை அளித்தல் சைவத்திற்குப் புதிதன்று. கயிலையில் தலையால் நடந்து வந்த காரைக்காற் பேயாரை இறைவன் அம்மையே என்று விளித்த செய்தி பெரியபுராணத்தால் யாவரும் அறிந்ததே. அவ்வொரு சொல்லால் இறைவனுக்குத் தாய் உண்டாகவில்லை. அடியார் ஒருவர்க்குத் தாய்மை உண்டாயிற்று. சிவபெருமான் அம்மையாரிடத்து ஒரு சொல்லாற் செய்ததனை, முருகப்பெருமான் கார்த்திகைப் பெண்டிரிடத்துத் திருமேனி கொண்டு செய்தான். வேறுபாடு அவ்வளவே. சிவன்மேற் பிள்ளைத்தமிழ் பாடாமையும் முருகன்மேற் பாடுதலும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என்பது இதனால் விளங்கும். முன்னது சொரூபத்துக்குச் செய்யும் மரியாதை. பின்னது தடத்தத்தை ஏற்றுக்கொள்ளும் நன்றி.

இவ்விடத்து ஒரு சாராரை விலக்கல் வேண்டும். பொறி ஆறு எனக் கேட்டவளவில், அவை ஆறெழுத்து என்றும், ஆறு ஆதாரம் என்றும், ஆறு அத்துவா என்றும், பொய்கை இதயம் என்றும் விரைந்து தத்துவங் கூறிவிடுவாருளர். அவை பொய்யென்று கூறுதல் கருத்தன்று. ஆயினும் பழத்தைச் சுவையாமுன் வித்தை எண்ணத் தொடங்குவார்போல், கதையைக் கேளாமுன் தத்துவத்துக்குத் தாவுவார், கார்த்திகைப் பெண்டிர்க்கு மகவு கிடைத்த மகிழ்ச்சியை இழந்துவிடுவர். தத்துவம் கதையின் உள்ளிருப்பது; கதைக்கு மாற்றாக வந்து நிற்பதன்று.

குமரகுருபர சுவாமிகள் வரலாறு இதற்குச் சான்றாகும். திருவைகுண்டத்திலே தோன்றி ஐந்தாண்டு வரை பேசாதிருந்த அக்குழவியைப் பெற்றோர் திருச்செந்தூர் முருகன் திருமுன் கிடத்தினர். பெருமான் அருளால் வாய் திறந்து அவர் பாடியது கந்தர் கலிவெண்பா என்பர். அப்பாட்டின் முற்பகுதி, பிறப்பும் இறப்பும் பெயரும் வடிவும் கடந்த பதியின் இயல்பை விரிக்கின்றது. அத்துவாக்கள் அவனுக்குத் திருமேனியாதலையும் உரைக்கின்றது. அவ்வாறு கூறிக்கொண்டு வந்த நாவே, இடையிற் பாட்டு முறியாமல், நெற்றிக்கண் பொறியையும் பொய்கையையும் தாயணைத்ததையும் தகரேறியதையும் அயனைச் சிறையிட்டதையும் பாடிச் செல்கின்றது. பிறவாதவன் என்றதற்கும் பிள்ளையாயினான் என்றதற்கும் நடுவே ஒரு சுவர் உண்டென்று அவர் கண்டிலர். ஊமையாயிருந்து சொற்பெற்ற பிள்ளைக்குப் பிள்ளையாகிய பெருமானிடத்து ஐயம் எங்ஙனம் எழும்?

இனிப் பெருமானது திருவிளையாட்டை நோக்குவாம் என்று புகுவார்க்கு வேறொரு தடை எழுகின்றது. மலைகளைப் பிடுங்கி இடம் மாற்றுதல், கடல்களை ஒன்றாக்குதல், கோள்களின் நெறியைத் திரித்தல் என்பன குழவிக் குறும்பென்று அமையலாம். தன்னை எதிர்த்த இந்திரனையும் தேவரையும் மாய்த்ததும், நான்முகன் தலையிற் குட்டிச் சிறையில் அடைத்ததும் அருளாகுமோ என்பர். இந்திரன் செய்தி நெடிது விரித்தற்குரியதன்று. வியாழ பகவான் வேண்ட, மாய்ந்தோர் அனைவரும் மீள எழுந்தனர். தம் முன் நின்றது யாரென்றும் விசுவரூபத்தாற் கண்டனர். நாரத முனிவரது வேள்வியிற் பிறந்து உலகை வெருட்டிய தகரை வீரவாகுவாற் பிடிப்பித்து ஊர்தியாக்கிக் கொண்டதும் அத்தகையதே. அழிக்கப்பட்டது ஒன்றுமில்லை.

அயன் செய்தியே ஆழ்ந்து நோக்குதற்குரியது. கயிலையில் இறைவனை வணங்கி மீளும் நான்முகன், விளையாடிக்கொண்டிருந்த குமரனைச் சிறுவன் எனக் கருதி உள்ளத்தால் மதியாது சென்றான். குமரன் அழைத்து வினாவினான். படைத்தல் என் தொழில் என்றும், வேதம் எனக்கு வரும் என்றும் அயன் விடையிறுத்தான். அஃதாயின் ஓதுக என்றலும், பிரணவத்தை முன்வைத்து ஓதத் தொடங்கினான். அம்மட்டில் நிற்க, நீ கூறிய முதன்மொழிக்குப் பொருள் யாது என்று குழவி கேட்டது. நான்கு வாயும் அடைபட்டன.

அறியாமை குற்றமாகுமோ, குற்றமாயினும் சிறையிடுதற்குரியதோ என வினாவுதல் நேரிதே. அறியாமை மாத்திரம் குற்றமாயின் சிறைக்கு வெளியே நிற்பார் யாவர்? அயன்பாற் குற்றம் வேறு. பொருள் அறியாதவன் மாணவனாய் நிற்றற்குரியன். அவனோ ஆசிரியனாய் நடந்தான். சிறுவனைக் கண்டவிடத்து வயதை அளந்தானேயன்றி அறிவை அளந்திலன். வேதத்தை முழுதும் ஓதவல்ல நாவிற்கு முதன்மொழியே தெரியாதது ஏன் எனின், அதனை அவன் ஒருநாளும் நின்று நினைந்திலன். நாள்தோறும் சொல்லிப் பழகியதனால் அறிந்தாற்போல இருந்தது. சாத்திரம் பதினான்கும் பாராமல் ஒப்பிப்பாருள்ளும், சிவஞானபோதத்து முதற் சூத்திரத்தின் முதற்சொல்லிலேயே நின்றுவிடுவார் இலர் என்று துணிந்து கூறல் அரிது. அயன்மேற் சிரிப்பவர் சிறிது மெல்லச் சிரித்தல் நன்று.

அயன் சிறையிலிருந்த காலத்துப் படைப்பு நின்றிலது. குமரப்பெருமான் ஒரு முகமும் நான்கு கையுமாய், செபமாலையும் கமண்டலமும் ஏந்தி, அத்தொழிலைத் தானே நடாத்தினான். காஞ்சிக் குமரகோட்டத்து மூலவர் இப் பிரமசாத்தா வடிவினரே. கச்சியப்பர் நாள்தோறும் பூசித்தது இத்திருமேனியை என்பதை நினைந்து அப்படலத்தைப் படிப்பார்க்கு, அயன் விழித்து நின்ற காட்சியைப் புலவர் அத்துணை அணுக்கத்திற் கண்டவாறு விளங்கும். நந்தியெம்பெருமான் தூதாக வந்து கேட்டபோதும் குழவி விடுவிக்க இசைந்திலது. இறுதியில் இறைவனே எழுந்தருளிக் கேட்க, அயன் வெளிவந்தான். வந்தவன் முறையிடவில்லை, இத்தண்டம் தன் அகந்தையைப் போக்கி உணர்வை நல்கியது எனக் கூறினான். சித்தாந்த நூலார் மறக்கருணை என்பது இது. குட்டுண்ட தலைக்கே அக்குட்டின் பொருள் தெரிந்தது. வெளியே நின்று அருளன்று என்பார்க்குத் தெரிந்திலது.

அதன்பின் இறைவன் மைந்தனை நோக்கி, அப்பொருளை நீ அறிவையோ என்று வினாவ, குழவி மறைவாக உபதேசிக்க, தந்தை கேட்டருளினான். திருவேரகத்தில் சுவாமிநாதன் என்னும் திருநாமம் இதுபற்றியே வழங்குகின்றது. முற்றறிவினனாகிய பெருமானுக்கு அறியாத பொருள் உண்டோ எனின், இல்லை. அறிந்த பொருளைக் கேட்டது எற்றிற்கு எனின், அயன் அப்பொழுது அருகில் நின்றான் என்பதை மறத்தலாகாது. பொருள் அறிந்த தந்தையே சிறுவன்முன் செவி தாழ்த்தான். பொருள் அறியாத அயன் சிறுவன்முன் தலை நிமிர்ந்து நடந்தான். நான்முகனுக்குச் சிறையிற் கிடைத்த பாடம் பாதி. மறுபாதி இக்காட்சியிற் கிடைத்தது. பெருமானுக்குப் பிள்ளைப் பருவம் ஏன் வேண்டப்பட்டது என்னும் வினாவிற்கும் விடை ஈண்டே உளது. நரைத்த முனிவனாய் வந்து வினாவியிருப்பின் அயன் அஞ்சி வணங்கியிருப்பான். அவன் ஆணவம் உள்ளே மறைந்தே கிடந்திருக்கும். குழவியாய் வந்தமையாலன்றோ அது தலைகாட்டியது!

இவ்வரலாறு தெய்வ உலகில் ஒருகால் நிகழ்ந்ததோடு ஒழியவில்லை. திருப்பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் குலகுரு சகலாகம பண்டிதர் எனப் புகழ்பெற்றவர். அவர்தம் மாணவர் இல்லத்தே தோன்றித் திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்த சிறுவர், பரஞ்சோதி முனிவர்பால் உபதேசம் பெற்று மெய்கண்டார் எனப் பெயர் பூண்டு அறிவுரை கூறிவந்தார். தம்பாற் பயின்ற மாணாக்கர் அப்பிள்ளைபாற் செல்லுதலைக் கேட்டுப் பண்டிதரும் சென்றார். மெய்கண்டார் அப்பொழுது ஆணவமலத்தின் இயல்பை உரைத்துக்கொண்டிருந்தார். வந்த முதியவரைப் பொருட்படுத்தினாரில்லை. பண்டிதர் சினந்து, ஆணவத்தின் சொரூபம் யாது என வினாவினார். பிள்ளை வாய் திறவாது, நின்றவரை அடிமுதல் முடிகாறும் நோக்கிச் சுட்டிக் காட்டியது.

சகலாகமும் கற்ற அம்முதியவர்க்கு அயனைப்போல் ஒரு சிறை வேண்டியதில்லை. அந்நொடியே அப்பிள்ளையின் திருவடியில் வீழ்ந்தார்; அருணந்தி என்னும் பெயர் பெற்றார். இறைவன் கொள்ளும் வடிவம் மாயையன்று, அருளே என்று விளக்கும் சிவஞான சித்தியாரை இயற்றியவர் அவரே.